ஹிப்னாடிசம் ஆரம்பிச்சது எங்க? பனாஜி சிலையை பாத்ததுல இருந்து இதே யோசனை

கண்ணன்_திருச்சி

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் குடும்பத்தோட கோவா போயிருந்தோம். பனாஜில மாண்டவி ஆத்தங்கரையில பழைய தலைமைச் செயலகம்னு ஒரு கட்டடம், அதை ஒட்டி ஒரு சிலை. நீள அங்கி போட்ட பாதிரியார் ஒருத்தர் ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி நிக்கிறாரு, அவருக்கு கீழ ஒரு பொண்ணு அப்படியே பின்னாடி சாஞ்சு கிடக்கு. என் பொண்ணு பயந்துபோய் "அப்பா, இவரு அந்த அக்காவை அடிக்கிறாரா"ன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல. ரூமுக்கு வந்து தேடி படிச்சேன், அதுக்கப்புறம் தூக்கமே வரல.

அவரு பேரு அபே ஃபாரியா. 1756ல கோவாவுல கண்டோலிம்னு ஒரு ஊர்ல பிறந்தவரு. அப்பா அம்மா பிரிஞ்சு அம்மா கன்னியாஸ்திரி ஆயிட்டாங்க, அப்பா பாதிரியார் ஆயிட்டாரு, 1771ல பையனை கூட்டிட்டு லிஸ்பன் போயிட்டாரு. அப்புறம் ரோம்ல படிப்பு, கடைசில பாரிஸ். 1813ல பாரிஸ்ல ரூ த கிளிஷின்னு ஒரு தெருவுல ஒரு ஹால் எடுத்து அஞ்சு ஃபிராங்க் டிக்கெட் வச்சு ஜனங்களுக்கு முன்னாடி ஆளுங்களை தூங்க வச்சு காட்ட ஆரம்பிச்சாரு. ஆளை சேர்ல சௌகரியமா உக்கார வச்சு, கண்ணை மூடிக்கோ, தூக்கத்தை மட்டும் நினைன்னு சொல்லி, கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் ஒரே அதட்டல், "தூங்கு!"ன்னு. அவ்வளவுதான். காந்தம் கிடையாது, கையை ஆட்டறது கூட பெருசா கிடையாது.

என்னை உலுக்கினது அவர் செஞ்சது இல்லைங்க, அதுக்கு அவர் சொன்ன காரணம். என் கையில இருந்து எந்த சக்தியும் வரல, எல்லாமே உக்காந்திருக்கிறவன் மனசுக்குள்ள நடக்குது, நான் வெறும் வழி காட்டறவன் மட்டும்தான்னு சொன்னாரு. அந்த காலத்துல அத்தனை பேரும் நாங்க சக்தி பாய்ச்சறோம்னு சொல்லி காசு பாத்துட்டு இருந்தப்ப இப்படி ஒருத்தர். நம்ம நாட்டு மனுஷன். ஸ்கூல்ல, காலேஜ்ல ஒரு வாத்தியார் கூட இவர் பேரை சொன்னதில்ல. இங்க யாராவது இதை பத்தி படிச்சிருக்கீங்களா? ஹிப்னாடிசம் இவர்கிட்ட இருந்துதான் ஆரம்பிச்சதுன்னு சொல்லலாமா?

பழையபுத்தகம்

கண்ணன் தம்பி, நல்ல இழை ஆரம்பிச்சிருக்கீங்க. ஆனா ஆரம்பம்னு கேட்டா மெஸ்மரை விட்டுட்டு பேச முடியாது. மெஸ்மரிசம்ங்கற வார்த்தையே அவர் பேருதான், எங்க தாத்தா காலத்துல ஹிப்னாடிசம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மெஸ்மரிசம்னுதான் சொல்வாங்க.

ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர், 1734ல பிறந்தவர், வியன்னாவுல மருத்துவம் படிச்சவர். 1774ல ஒரு நோயாளிப் பொண்ணு உடம்புல காந்தத்தை வச்சு வைத்தியம் பாத்தாரு, குணம் தெரிஞ்சது. அப்புறம் காந்தமே வேண்டாம், என் உடம்புலயே ஒரு காந்த சக்தி இருக்கு, பிரபஞ்சம் பூரா ஒரு திரவம் ஓடுது, அது அடைபட்டா நோய், நான் திறந்து விடறேன்னு சொல்லிட்டாரு. பாரடிஸ்னு பார்வை இல்லாத ஒரு பியானோ கலைஞர், அந்த பொண்ணுக்கு பார்வை கொடுத்துட்டேன்னு சொல்லி பெரிய சண்டையாகி 1778ல பாரிஸ் வந்து சேர்ந்தாரு. அங்க கூட்டம் தாங்கல. ஒரு பெரிய மரத் தொட்டி, உள்ள தண்ணி பாட்டில், இரும்புத்தூள், மூடி வழியா வளைஞ்ச இரும்புக் கம்பி நீட்டிட்டு இருக்கும், நோயாளிங்க சுத்தி உக்காந்து எங்க வலிக்குதோ அங்க அந்த கம்பியை வச்சுக்குவாங்க. பக்கத்துல கண்ணாடி வாத்திய இசை. கொஞ்ச நேரத்துல ஒருத்தி அலறுவா, ஒருத்தன் வலிப்பு வந்த மாதிரி துடிப்பான், அதுதான் குணமாகற அறிகுறின்னு மெஸ்மர் சொல்வாரு. நம்ம ஊர் கோயில்ல உடுக்கை சத்தத்துல சாமியாடறதை பாத்தவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

1784ல பதினாறாம் லூயி ராஜா ஒரு கமிஷன் போட்டாரு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியல் லவோய்சியே, வானியல் பெய்லி, தலை வெட்டற கில்லட்டின் மெஷினுக்கு பேரு கொடுத்த டாக்டர் கில்லட்டின் எல்லாரும் அதுல இருந்தாங்க. ஃபிராங்க்ளினுக்கு உடம்பு முடியல, அதனால பாஸின்னு பாரிஸ் பக்கத்துல அவர் வீட்டுத் தோட்டத்துலயே ஒரு சோதனை. மெஸ்மரோட சிஷ்யர் தெஸ்லோன் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்கு காந்தம் ஏத்தினாரு. பன்னண்டு வயசுப் பையன் ஒருத்தனை கண்ணை கட்டி கூட்டிட்டு வந்து வேற மரங்களை கட்டிப்பிடிக்க விட்டாங்க. முதல் மரத்துல வேர்க்குது, இருமறான். ரெண்டாவதுல தலை சுத்துது. மூணாவதுல இன்னும் அதிகமாகுது, கிட்ட வந்துட்டேன்னு சொல்றான். நாலாவது மரத்துல மயங்கியே விழுந்துட்டான், கை கால் எல்லாம் விறைச்சுப் போய் தூக்கிட்டு போய் புல்லுல படுக்க வைக்க வேண்டியதாப் போச்சு. அந்த நாலு மரத்துல ஒண்ணுல கூட காந்தம் ஏத்தல! உண்மையான மரம் இன்னும் தூரத்துல இருந்துச்சு. தெஸ்லோன் என்ன சொன்னாரு தெரியுமா, எல்லா மரத்துலயும் இயற்கையா கொஞ்சம் காந்தம் இருக்குன்னாரு. அப்படின்னா இந்த மாதிரி ஆளுங்க யாரும் ஒரு தோட்டத்துக்குள்ள நடந்து போகவே முடியாதேன்னு கமிஷன்காரங்க பதில் எழுதிட்டாங்க.

திரவமும் இல்ல காந்தமும் இல்ல, எல்லாம் கற்பனையோட வேலைன்னு அறிக்கை வந்துச்சு. அதோட கோப்பை மூடிட்டாங்க, எனக்கு அதுதான் வருத்தம். கற்பனைன்னு சொல்லிட்டா முடிஞ்சுதா? வெறும் கற்பனையால ஒரு பையன் விறைச்சுப் போய் விழறான்னா அதுவே எவ்வளவு பெரிய விஷயம், அதை ஏன் யாரும் ஆராயலன்னு கேக்கத் தோணுது இல்ல? அந்த கேள்வியை சரியா எடுத்துக்கிட்டவர் உங்க ஃபாரியாதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

சிவநேசன்

இதெல்லாம் நம்ம சித்தர்கள் எப்பவோ சொன்னதுதான். வசியம், மோகனம், தம்பனம்னு அஷ்டகர்மத்துல இருக்கே. வெள்ளைக்காரன் இங்க இருந்து எடுத்துட்டு போய் பேரு மாத்திட்டான்.

பழையபுத்தகம்

சிவநேசன் ஐயா, அஷ்டகர்மம் மந்திர வழக்கு, அதுல செய்யறவனோட சக்தியும் மந்திரமும் மையும்தான் பிரதானம். ஃபாரியா சொன்னது அதுக்கு நேர் எதிர், செய்யறவன்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னு. இங்க இருந்து எடுத்துட்டு போனாங்கன்னு சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் கண்ணுல படல. நம்மகிட்ட இருந்த ஒரு அருமையான விஷயம் வேற இருக்கு, அதை கடைசில சொல்றேன்.

செல்வம்_77

நான் கொஞ்சம் மாத்தி பேசப் போறேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. காரணம் நானே அந்த சேர்ல உக்காந்தவன்.

ஏழாவது படிக்கறப்ப ஸ்கூலுக்கு ஒரு மேஜிக்காரர் வந்தாரு. மேடைக்கு நாலு பேரை கூப்பிட்டாரு, நானும் போனேன். கண்ணை மூடு, கை கனமாகுது, தூங்கு தூங்குன்னு சொன்னாரு. அப்புறம் கையில ஒண்ணை கொடுத்து ஆப்பிள் சாப்பிடுன்னாரு. அது பெரிய வெங்காயம். எனக்கு அது வெங்காயம்னு தெரியும், கையில தோலு சரசரன்னு இருந்துச்சு. ஆனா எண்ணூறு பேர் முன்னாடி உக்காந்துகிட்டு நான் தூங்கலைன்னு எப்படி சொல்றது, ஹெட்மாஸ்டர் வேற முன் வரிசையில. கடிச்சு தின்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அதுல இருந்து இது எல்லாம் ஆளுங்களோட கூச்சத்தையும் பயத்தையும் வச்சு பண்றதுன்னுதான் என் முடிவு. ஃபாரியாகிட்ட கூட ஒரு நடிகர் தூங்கற மாதிரி நடிச்சு ஏமாத்தினாராமே, 1816ல அவரை கேலி பண்ணி நாடகமே போட்டாங்கன்னு படிச்சேன்.

யாழினி_கோவை

செல்வம் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அந்த வெங்காயம் எப்படி இருந்துச்சு? காரமா இருந்துச்சா?

செல்வம்_77

யோசிச்சு பாத்துதான் எழுதறேன்மா. கண்ணுல தண்ணி வந்துச்சு, அது நல்லா ஞாபகம் இருக்கு, சட்டையில துடைச்சேன். ஆனா காரம்... சத்தியமா சொல்றேன் காரம் தெரியல. இனிப்பும் இல்ல, ஒரு மாதிரி தண்ணியா இருந்துச்சு. இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதில்ல, நானும் நினைச்சு பாத்ததில்ல.

மல்லிகா_நர்ஸ்

செல்வம் தம்பி எழுதினதை படிச்சதும் எனக்கு ஹூக்ளி கேஸ்தான் ஞாபகம் வந்துச்சு. நான் இருபத்தாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாத்தவ, மயக்க மருந்து வர்றதுக்கு முன்னாடி எப்படி அறுத்திருப்பாங்கன்னு நினைச்சு நினைச்சு இதை தேடி படிச்சேன்.

வங்காளத்துல ஹூக்ளின்னு ஊரு, அங்க ஜெயில் ஆஸ்பத்திரில ஜேம்ஸ் எஸ்டெய்ல்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். 1845 ஏப்ரல் 4. மாதவ்னு ஒரு கைதி, விரைவீக்கம், ஒரு பக்கம் ஆபரேஷன் பண்ணி மருந்து செலுத்தினதுல வலி தாங்காம துடிக்கிறான். எஸ்டெய்ல் அதுவரைக்கும் மெஸ்மரிசத்தை கண்ணால பாத்ததே இல்ல, படிச்சது மட்டும்தான். சரி முயற்சி பண்ணி பாப்போம்னு அவன் முகத்துல இருந்து வயிறு வரைக்கும், தொடாம, மெதுவா கையை இறக்கி இறக்கி வந்துகிட்டே இருந்தாரு. ரொம்ப நேரம். வலி போயிடுச்சுன்னு சொன்னவன் அப்படியே அசைவில்லாம போயிட்டான். முட்டியில நெருப்பை வச்சாங்க, மூக்குல அமோனியாவை காட்டினாங்க, இமை கூட ஆடல. (இதை படிக்கறப்ப எனக்கு கோவமும் வந்துச்சு, அவன்கிட்ட யாரு அனுமதி கேட்டாங்க? கைதி, அவன் என்ன சொல்ல முடியும்.)

அப்புறம் எட்டு மாசத்துல 73 ஆபரேஷன் வலி இல்லாம பண்ணினேன்னு கணக்கு எழுதியிருக்காரு. அதுல சிலது யானைக்கால் நோய்ல விரையில வர்ற ராட்சச கட்டிங்க. ஒரு ஆளுக்கு மணிக்கணக்குல, சில சமயம் நாள்கணக்குல கையை இறக்கிகிட்டே இருக்கணும், எஸ்டெய்ல் தளர்ந்து போயி அந்த வேலையை அங்க இருந்த வங்காளி உதவியாளர்கள்கிட்ட கொடுத்துட்டாரு. இருட்டு அறையில நோயாளி தலைமாட்டுல உக்காந்து மூச்சு அவன் மேல படற மாதிரி குனிஞ்சு அந்த பசங்கதான் செஞ்சாங்க. புகழ் டாக்டருக்கு. அந்த பசங்களை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன், ஏன்னா தியேட்டர்ல ஆளை தூங்க வைக்கிற கை யாரோடதுன்னு வெளியில யாருக்கும் தெரியாது.

1846ல கல்கத்தாவுல கமிட்டி போட்டு சோதிச்சாங்க. கத்தி பட்டப்ப சிலரோட உடம்பு துடிச்சது, முகம் சுளிச்சது, ஆனா எழுந்ததும் வலியே தெரியலைன்னாங்க. செல்வம் தம்பி கண்ணுல தண்ணி வந்துச்சு காரம் தெரியலைன்னு சொன்ன மாதிரியேதான் இதுவும்! நடிப்புன்னா, விரையை அறுக்கறப்ப யாரு நடிப்பா சொல்லுங்க. கமிட்டி சொன்னதை வச்சு கல்கத்தாவுல ஒரு சின்ன ஆஸ்பத்திரியே கொடுத்தாங்க. ஆனா அதே 1846 அக்டோபர்ல பாஸ்டன்ல ஈதர், அடுத்த வருஷம் எடின்பரோவுல க்ளோரோஃபார்ம். ரெண்டு நிமிஷத்துல ஆளை தூங்க வைக்க முடியும்னா எவன் ரெண்டு நாள் கையை இறக்குவான். கதை அங்க முடிஞ்சு போச்சு.

செல்வம்_77

அக்கா, இதை எதிர்பாக்கல. என் முடிவை முழுசா மாத்திக்கல, ஆனா நடிப்புங்கற வார்த்தையை வாபஸ் வாங்கிக்கறேன்.

இன்னொரு சந்தேகம். சின்ன வயசுல எங்க தெருவுல பிள்ளை பிடிக்கிறவன் வருவான், மையை தடவுனா அவன் பின்னாடியே போயிடுவோம்னு பயமுறுத்துவாங்க. அது மாதிரி ஒருத்தனை விருப்பம் இல்லாம இழுத்துட்டு போக முடியுமா?

மல்லிகா_நர்ஸ்

இதே கேள்வி ஹூக்ளி கோர்ட்டுக்கே வந்துச்சு தம்பி, அதே 1845ல. ஒரு சின்ன பையன், ஒருத்தன் பின்னாடியே போயிட்டான், அவன் ஏதோ முணுமுணுத்து கண்ணு மேல கையை ஓட்டினான், அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல, போய்த்தான் ஆகணும்னு இருந்துச்சுன்னு வாக்குமூலம். எஸ்டெய்லை சாட்சியா கூப்பிட்டு இது சாத்தியமான்னு கேட்டாங்க, அவரு கோர்ட்லயே ஆளுங்களை மெஸ்மரைஸ் பண்ணி காட்டினாரு. ஆனா அந்த ஆளுங்க ஏற்கனவே அவர்கிட்ட பழகினவங்க. முன்பின் தெரியாத பிள்ளைக்கும் அப்படி நடக்கும்னு அதை வச்சு சொல்ல முடியாதுன்னு எனக்கு தோணுது, மிட்டாய்க்கும் பயத்துக்கும் பின்னாடி போற பிள்ளைங்கதான் அதிகம்.

யாழினி_கோவை

நான் எம்எஸ்சி சைக்காலஜி படிக்கறேன், எனக்கு தெரிஞ்ச மிச்சத்தை சொல்றேன்.

ஹிப்னாடிசம்னு பேரு வர காரணம் ஜேம்ஸ் பிரெய்ட், மான்செஸ்டர்ல ஒரு சர்ஜன். 1841 நவம்பர்ல லஃபோன்தேன்னு ஒரு ஆள் போட்ட ஷோவுக்கு இது பித்தலாட்டம்னு நிரூபிக்கத்தான் போனாரு. ஆனா மேடையில தூங்க வச்சவரால இமையை திறக்கவே முடியலங்கறது அவர் மனசுல ஒட்டிக்கிச்சு. வீட்டுக்கு வந்து நண்பரை ஒயின் பாட்டில் கழுத்தை உத்து பாக்க சொன்னாரு, மூணு நிமிஷத்துல நண்பர் தூங்கிட்டாரு. பொண்டாட்டியை சர்க்கரை கிண்ணத்து மேல இருந்த பூ வேலையை பாக்க சொன்னாரு, அவங்களுக்கும் அப்படியே. கையை ஆட்டல, சக்தி பாய்ச்சல, வெறும் சர்க்கரை கிண்ணம்! 1843ல புத்தகம் எழுதி தூக்கத்துக்கு கிரேக்க மொழியில இருக்கிற ஹிப்னாஸ்ங்கற வார்த்தையில இருந்து பேரு வச்சாரு. கொஞ்ச வருஷத்துல அவருக்கே உறுத்த ஆரம்பிச்சது, இது தூக்கமே இல்லையே, மனசு ஒரே எண்ணத்துல குவியறதுதானேன்னு 1847ல வேற பேரு சொல்லி பாத்தாரு, எடுபடல.

அப்புறம் பிரான்ஸ்ல ரெண்டு கட்சி. பாரிஸ்ல சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரில ஷார்க்கோ, பெரிய நரம்பியல் மேதை, ஹிப்னாடிசம் ஹிஸ்டீரியா நோயாளிகளுக்கு மட்டும் வர்றது, அதுக்கு மூணு கட்டம் இருக்குன்னாரு. வாரா வாரம் நோயாளிப் பொண்ணுங்களை மேடையில நிக்க வச்சு டாக்டர்களுக்கு காட்டுவாரு. நான்சி ஊர்ல லீபோன்னு ஒரு கிராமத்து டாக்டர், மருந்து வேணும்னா ஃபீஸ் கொடு, ஹிப்னாடிசம்னா இலவசம்னு ஏழைங்களுக்கு பாத்துட்டு இருந்தாரு. அவர்கிட்ட வந்து கத்துக்கிட்டவர் பெர்னெய்ம் புரொஃபசர். அவங்க சொன்னது, இது நோய் இல்ல, சாதாரண ஆளுக்கும் வரும், எல்லாம் வார்த்தையோட வேலை, அந்த மூணு கட்டம் கூட ஷார்க்கோ எதிர்பாக்கறாருன்னு தெரிஞ்சு அந்த பொண்ணுங்க காட்டினதுதான்னு. பாஸி தோட்டத்து பையன் மாதிரியேதான் பாருங்க. நான்சி கட்சிதான் ஜெயிச்சது. ஃபிராய்ட் ரெண்டு இடத்துக்கும் போய் பாத்தாரு, கொஞ்ச காலம் செஞ்சு பாத்துட்டு விட்டுட்டாரு.

இப்பவும் இது சாகல. 1984ல அதே மான்செஸ்டர்ல குடல் எரிச்சல் நோய்க்கு ஹிப்னாடிசம் கொடுத்து நல்ல பலன்னு லான்செட் இதழ்ல வந்துச்சு, பெல்ஜியம்ல லியேஜ் ஆஸ்பத்திரில 1992ல இருந்து லேசான மயக்க மருந்தோட சேத்து ஆபரேஷனுக்கே பயன்படுத்தறாங்க. மல்லிகா அக்கா, நீங்க சொன்ன கதை முடியல. ஆனா ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், மறந்த ஞாபகத்தை, போன ஜென்மத்தை எடுக்கறேன்னு சொல்றவங்ககிட்ட போகாதீங்க. அந்த நிலையில மனசு இல்லாததையும் நடந்த மாதிரியே சேத்துக்கும், எழுந்ததுக்கு அப்புறம் அதை சத்தியமா நம்பும். எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம் அப்படி ஒரு ஆள்கிட்ட போயிட்டு வந்து சித்தப்பா மேல இல்லாத சந்தேகம் வந்து இன்னைக்கும் பேச்சு வார்த்தை இல்ல.

மல்லிகா_நர்ஸ்

கண்ணு, லியேஜ் விஷயம் கேட்டு சந்தோஷமா இருக்கு. ஒருதடவை தீக்காயத்தோட ஒன்பது வயசுப் பொண்ணு, டிரெஸ்ஸிங் மாத்தணும், பழைய துணி ஒட்டிகிட்டு இருக்கு. ஊசி போட்டும் கத்துது. நான் உங்க பாட்டி வீட்டு மாட்டுக்கொட்டகை எப்படி இருக்கும் சொல்லுன்னு கேட்டேன். எத்தனை மாடு, எந்த மாடு முட்டும், கன்னுக்குட்டி நாக்கு எப்படி சொரசொரன்னு இருக்கும்னு கேட்டுகிட்டே துணியை நனைச்சு நனைச்சு எடுத்தேன். குரல் மெல்லிசா ஆயிடுச்சு, கண்ணு எங்கயோ பாக்குது. முடிச்சதும் "அக்கா எப்ப ஆரம்பிப்பீங்க"ன்னு கேட்டுச்சு. அதுக்கு என்ன பேருன்னு அன்னைக்கு எனக்கு தெரியாது.

கண்ணன்_திருச்சி

அக்கா, இதை என் மனைவிக்கு படிச்சு காட்டினேன், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

பழையபுத்தகம் ஐயா, கடைசில ஒண்ணு சொல்றேன்னீங்களே?

பழையபுத்தகம்

அந்த வார்த்தைதான் தம்பி. அறிதுயில். பெருமாள் பாம்பணையில படுத்திருக்கிறதை நம்ம ஆளுங்க தூக்கம்னு சொல்லல, அறிதுயில்னாங்க, தூங்கற மாதிரி தெரியும் ஆனா எல்லாம் அறிஞ்சுகிட்டே இருக்கிற துயில். பின்னாடி தமிழ்ல எழுதினவங்க ஹிப்னாடிசத்துக்கு அந்த வார்த்தையை எடுத்துக்கிட்டாங்க. பிரெய்ட் தேடி கிடைக்காம போன பேரு இதுதானேன்னு எனக்கு தோணும். ஃபாரியா 1819ல வெளியிட்ட புத்தகத்துல இந்த நிலைக்கு அவர் வச்ச பேரு என்ன தெரியுமா? பிரெஞ்சுல, தெளிவுத் தூக்கம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம ஒரே இடத்துக்கு வந்து நிக்குது. அந்த புத்தகம் வந்த வருஷமே செப்டம்பர் 20ல அவர் இறந்துட்டாரு, கேலிக்கு அப்புறம் கூட்டம் எல்லாம் போயி ஒரு கன்னியாஸ்திரி மடத்துல பூசை வச்சுகிட்டு இருந்தாரு.

இன்னொண்ணு, கோவால எல்லாரும் சொல்ற கதை. வாலிபத்துல லிஸ்பன்ல ராணி முன்னாடி பிரசங்கம் பண்ண ஏறினவரு கூட்டத்தை பாத்து நாக்கு ஒட்டிப் போய் நின்னுட்டாராம். கீழ இருந்த அப்பா கொங்கணில மெதுவா, "எல்லாம் காய்கறிடா, நறுக்குடா காய்கறியை"ன்னாராம். உடனே பயம் போயி மடைதிறந்த மாதிரி பேசிட்டாராம். ஒரு வார்த்தை மனசை எப்படி மாத்துதுன்னு அன்னைக்குத்தான் யோசிக்க ஆரம்பிச்சாருன்னு சொல்வாங்க. கதையா இருக்கலாம், ஆனா எனக்கு பிடிச்ச கதை.

செல்வம்_77

கண்ணன் சார், டிசம்பர்ல கோவா போறோம். சிலை சரியா எங்க?

கண்ணன்_திருச்சி

பனாஜி பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆத்தை ஒட்டி மேற்கால நடந்தா பழைய தலைமைச் செயலகம், ஆதில்ஷா அரண்மனைன்னும் சொல்வாங்க, அதோட பக்கத்துலயே. 1945ல ராமச்சந்திர பாண்டுரங் காமத்னு கோவா சிற்பியே செஞ்சது. என் பொண்ணுக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், அவரு அடிக்கல, அந்த அக்கா தானா தூங்கிட்டா, அவரு தூங்கச் சொன்னாரு அவ்வளவுதான்னு. "அப்ப அந்த அக்காவுக்கு சிலை வச்சிருக்காங்களா இல்ல அவருக்கா"ன்னு கேட்டா. ரெண்டு பேருக்கும்தான்னு சொன்னேன்.